டேபிள் நின்ற பிறகு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் கிரேன்காரரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனியில் வீறாப்பாக நடந்து வேலைக்குப் போகாதே. பஸ் எதற்கு இருக்கிறது?

போன் எடுப்பதில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். சுவர் வார்க்கிற யார்டில் வைப்ரேட்டர் டேபிள் போடும் கூச்சலில் போன் அடிப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடுகிறது. நீ கடிதமே போடு. போனில் சொன்னதைத் திரும்பக் கேட்க முடியாது, கடிதத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளைத் தொப்பி, புது ஷூ. யார்டைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். உங்கள் வடக்கு ஆலையில் இருக்கிற மாதிரி இங்கேயும் மெஷின் வரப் போகிறதாம். கம்பி கட்டுவது, சுவரை வார்ப்பது, தூக்கி அடுக்குவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். அன்றிலிருந்து என் ஆட்களுக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. கம்பி கட்டும் பெண்களில் ஒருத்தி, நெட்டை என்று கூப்பிடுவோம், அவள்தான் ஆரம்பித்தாள். "மேஸ்திரி, உங்க அக்கா அங்கதான பெரிய வேலையில இருக்காங்க. எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். மழுப்பாமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வாலு

ஜனவரி 30

அன்புள்ள வாலுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில்தான் போகிறேன், போதுமா?

எங்கள் ஆலையை நீ பார்த்ததில்லை. பெரிய கூடம், ஆள் நடமாட்டம் கிடையாது. இரும்புத் தட்டுகள் தாமாக நகர்ந்து வரும். ஒரு இயந்திரக் கை அதன்மேல் அச்சை வைக்கும், இன்னொன்று கம்பியை வைக்கும், அடுத்தது கலவையை ஊற்றும். நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அச்சு வைக்கிற கைக்கு இங்கே மாமியார் என்று பெயர். அடுத்தவர் வைத்தது எதுவும் அதற்குப் பிடிக்காது, எடுத்துவிட்டுத் தானே திரும்ப வைக்கும்.

இந்த ஊருக்கு அது தேவைப்பட்டது. வருஷத்தில் பாதி நாள் வெளியே வார்த்தால் கலவை உறைந்துபோகும். எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் ஆள் வராது. கட்டுவதும் ஒரே மாதிரி வீடுகள்.

அங்கே எப்படி என்று கொஞ்சம் எழுது. கரண்ட் நின்று நின்று வருகிறதா? மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை கெடும்? ஒரு மாசத்தில் எத்தனை விதமான அச்சு மாற்றுகிறீர்கள்? பெரிய சுவரை ஏற்றிய லாரி உங்கள் தெருக்களில் திரும்புமா? மணலை மூடி வைக்கிறீர்களா, அப்படியே மழையில் நனைகிறதா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன் என்று எழுத மனசு வரவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ அதை ஓரமாக வைத்துவிட்டு என்னையே பரீட்சை எழுத வைத்திருக்கிறாய்.

சரி, எழுதுகிறேன். கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருப்போம். அச்சு வாரத்துக்கு வாரம் மாறும். ஒருத்தருக்கு வளைந்த ஜன்னல், இன்னொருத்தருக்கு மூலையில் கதவு. பெரிய சுவரைக் கொண்டுபோன லாரி ஒரு தடவை பேக்கரிக் கடை முனையில் மாட்டிக்கொண்டு, பாதித் தெரு வெளியே வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது. அதிலிருந்து சின்னச் சின்னதாகத்தான் வார்க்கிறோம். மணல் நனையும், காயும், திரும்ப நனையும். கலவைக்காரர் அதைக் கையில் பிடித்துப் பார்த்துத் தண்ணீரைக் குறைப்பார். அவரைச் சிடுமூஞ்சி என்போம், மூஞ்சிக்கு நேரே இல்லை.

இங்கே கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். வேலைதான் போதவில்லை.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். கலவை ஊற்றியதும் அச்சை வைத்து உலுக்குவோமே அந்த டேபிள், அதற்கு மட்டும் ஏதாவது மாற்று உண்டா? வேண்டாம், விடு. மற்றதற்குப் பதில் எழுது.

வாலு

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

நீ திட்டியது நியாயம். எழுதத் தைரியம் வராமல்தான் கேள்வியாகக் கேட்டேன்.

உங்கள் யார்டுக்கு மெஷின் வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்லப் போவது நான்தான். தங்கை அங்கே மேஸ்திரி என்று இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீங்கதான் சரியான ஆளு, உள்ளது உள்ளபடி தெரியும்" என்றுவிட்டார். மெஷின் வந்தால் உன் ஆட்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வேலை இருக்கும். அந்த ஒருவர் நீயாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதை உன்னிடம் மறைத்து வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இந்த மாதக் கடைசியில் வருகிறேன். அதிகாரிகளோடு வந்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும், வீட்டுக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. கிரேன்காரரிடமும் சொல்லிவை.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள வாலுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? முதலில் நல்ல செய்தி. கூட்டம் முடிந்துவிட்டது. தெற்கு யார்டுக்கு மெஷின் தேவையில்லை, இருப்பது இருக்கிறபடி ஓடட்டும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நெட்டையிடம் சொல்.

உனக்காகச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு அச்சு மாறுகிற இடத்தில் எங்கள் மாமியாருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கரண்ட் நின்றால் தட்டுகள் அப்படியே நின்று, மேலே கலவை இறுகிக் கல்லாகும். ஒரு ஊரில் லாபமாக ஓடுவது இன்னொரு ஊரில் வெறும் இரும்பு. இதைத்தான் சொன்னேன்.

ஆனாலும் உன் முகம் என் மனசில் இருந்ததை இல்லையென்று சொல்ல மாட்டேன். யார்டில் டேபிள் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாய். சத்தம் நின்றதும் உன்னைக் கூப்பிட்டேன். திரும்ப ஒரு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவேயில்லை. இவளே வந்து நம்மைக் கணக்குப் பார்க்கிறாளே என்று கோபம், பேச மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரிகள் கூட இருந்ததால் பேசாமல் போய்விட்டேன். இப்போதாவது கோபம் போனதா?

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். செய்தியைச் சொன்னதும் யார்டே துள்ளிக் குதித்தது. சிடுமூஞ்சி சிரித்தார், பார்க்கப் பயமாக இருந்தது. நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. உனக்கு எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

வாலு

ஜூன் 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுகிறேன். மே மாதம் நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு அவள் பதில் போடவில்லை என்று தெரியும். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் வீட்டில் நான் காலி.

அவளுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே போகிறது. இன்று நேற்றல்ல. டேபிள் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதால் வந்தது. காதில் வைக்கிற அடைப்பானைக் கொடுத்தால், "அதை வெச்சா ஆளுங்க சொல்றது கேக்காது" என்று கழற்றிவிடுவாள். இப்போது வைக்காமலே கேட்கவில்லை. போன் எடுக்காதது அதனால்தான். வீட்டில் என் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். இருட்டில் நாங்கள் பேசுவதேயில்லை.

போன மாதம் ஒரு சுவரைத் தூக்கிக்கொண்டு கிரேனைத் திருப்பினேன். பாதையில் அவள் நின்றாள். ஹாரன் அடித்தேன். எல்லோரும் விலகினார்கள், அவள் மட்டும் குனிந்து அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுவரை மணல் குவியலில் இறக்கிவிட்டேன், இரண்டாக உடைந்தது. கயிறு நழுவிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு கிரேனைத் திருப்பும்போதெல்லாம் அவள் எங்கே நிற்கிறாள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மெஷின் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி. அதில் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டேபிள் ஓடுகிற வரை அவள் அங்கேதான் நிற்பாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியலாம்.

இப்படிக்கு
கிரேன் ஓட்டுகிறவன்

ஜூன் 9

வாலு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ பொய்தான் எழுதுவாய்.

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே, அவரைத் திட்டாதே. நான் கூப்பிட்டபோது நீ கோபத்தில் நிற்கவில்லை. உனக்குக் கேட்கவில்லை. நானும் ஒரு அக்கா. உன் முதுகைப் பார்த்துவிட்டு, உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று போய் "இருப்பது இருக்கிறபடி ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் காதைத் தின்கிற அந்த டேபிளையும் சேர்த்துத்தான் ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன், அந்தக் கூடத்தில் தூசியே கிடையாது.

ஏன் சொல்லவில்லை? டேபிளுக்கு மாற்று உண்டா என்று கேட்டுவிட்டு ஏன் விடு என்று எழுதினாய்?

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. கடிதத்தில் திட்டினால் எனக்கு எல்லாமே கேட்கிறது.

சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசி. "தங்கைக்குக் காது போகிறது, மெஷினைக் கொண்டுவாருங்கள்" என்றிருப்பாய். மெஷின் வந்திருக்கும். என் காது பிழைத்திருக்கும், நெட்டையும் சிடுமூஞ்சியும் மற்றவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆயிரம் தடவை மனசு அலைந்தது. ஒரு நாள் மெஷின் வரட்டும் என்று தோன்றும், மறுநாள் யார்டில் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாக இருக்கும். என் காதுக்காக இத்தனை பேர் அடுப்பை அணைக்க முடியாது. இதில் உன் தப்பு ஒன்றுமில்லை.

காது கேட்காது என்று யார்டில் தெரிந்தால் கிரேன் ஓடுகிற இடத்தில் மேஸ்திரியாக விட மாட்டார்கள். அதுவும் ஒரு பயம். உனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவரைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வாலு

ஜூலை 15

அன்புள்ள வாலுக்கு,

டாக்டரிடம் போனாயா? போகாவிட்டால் இதற்கு மேல் படிக்காதே. போய்விட்டு வந்து படி.

மறுபடியும் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "ஏப்ரல்ல வேண்டாம்னீங்க, இப்ப வேணும்ங்கறீங்களா?" என்றார் இயக்குநர். முழு மெஷின் இப்போதும் வேண்டாம், டேபிளை மட்டும் நிறுத்தியாக வேண்டும், அதைப் பார்க்காமல் விட்டது என் தப்பு என்றேன். முகம் சிவந்துபோனது எனக்குத்தான். யாருடைய காது என்று சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் நிற்கிற எல்லோர் காதும் என்றேன், அது உண்மையும்கூட.

எங்கள் ஆலையில் ஜன்னல் வைத்த சுவர்களுக்கு ஒரு கலவை போடுகிறோம். ஊற்றினால் கம்பி இடுக்கெல்லாம் தானாகவே பரவி மட்டமாகிவிடும், உலுக்க வேண்டியதில்லை. இங்கே அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, மாமியாரைத்தான் ஊர் கூடிப் பார்க்கிறது. ஆனால் உங்கள் யார்டுக்குத் தேவை மாமியார் இல்லை, இந்தக் கலவைதான். கரண்டும் அதிகம் வேண்டாம், அச்சு எத்தனை மாறினாலும் கவலையில்லை. ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் மாதிரி ஓடும், அச்சில் சின்ன இடுக்கு இருந்தாலும் ஒழுகிவிடும். அதனால் இடுக்கு அடைக்கக் கூடுதல் ஆள் வேண்டும். டேபிள்காரர்களை அதற்கு வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் வேலை போகாது. திரும்பப் படி, யாருக்கும் போகாது.

கலவையை அப்படி ஓட வைக்கிற மருந்தோடு ஒரு ஆள் வருகிறார். ஒத்திகை பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். சரியாக வந்தால் டேபிள் நிரந்தரமாக நிற்கும்.

அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரிடம் போனேன். "போனது போனதுதாம்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், அந்தச் சத்தத்துல மட்டும் நிக்காதீங்க" என்றார். காதில் மாட்டுகிற கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். உன் முழங்காலுக்கும் யாராவது அளவு எடுக்கட்டும்.

ஒத்திகையைக் கேள். முதல் சுவர் நாசம். பார்த்தால் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஜல்லி முழுக்க அடியில் போய்ப் படுத்துவிட்டது. நீ அனுப்பிய ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார். சிடுமூஞ்சி மணல் ஈரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர்மேல் எல்லோரும் பாய்ந்தார்கள். அவரும் வழக்கம்போல் யாரையும் மதிக்காமல் நின்றார்.

தப்பு என்னுடையது. கலவையை ஊற்றினார்கள், மெதுவாகப் பரவியது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சத்தம் எனக்கு எப்போதோ போய்விட்டது, டேபிள் ஓடுவதை உள்ளங்காலில்தான் தெரிந்துகொள்வேன். கால் அடியில் தரை சும்மா கிடந்ததும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. என் கை தானாகப் போய் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டது. உலுக்கக் கூடாத கலவையை உலுக்கிவிட்டேன். எந்த டேபிளை நிறுத்த இத்தனை பாடோ, அதை நானே ஓட்டியிருக்கிறேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு டேபிள்காரர், "நல்லவேளை, நீங்க தட்டினீங்க. இல்லன்னா நான் தட்டியிருப்பேன், கை அரிச்சுக்கிட்டே இருந்தது" என்றார். உன் ஆள் போய் வயரையே கழற்றிப் போட்டுவிட்டார்.

அடுத்த சுவர் ஒழுகியது. அதற்கடுத்தது மழையில் மாட்டியது. அதற்குப் பிறகு வார்த்ததெல்லாம் நன்றாக வந்தது. அச்சைக் கழற்றியதும் மேல்பக்கம் முகம் பார்க்கலாம்போல் இருந்தது, நெட்டை உண்மையிலேயே குனிந்து பார்த்தாள். நேற்று டேபிளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வாலு

செப்டம்பர் 4

அன்புள்ள வாலுக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்ததில் முழங்கால் கத்தியது, பரவாயில்லை. கண்ணாடி அறையில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். தெற்கே ஒரு மெஷின் நின்றுவிட்டது என்றேன். மெஷின் ஓடினால் கொண்டாடுகிற இடம் இது, விழித்தார்கள்.

கருவி வந்ததா? எப்படி இருக்கிறது? முதலில் என்ன கேட்டது?

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை பொய்யில்லை. கருவி வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு அவரை விதை ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் காப்பி உறிஞ்சும் சத்தம். இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை அதை மாட்டிக்கொண்டு யார்டுக்குப் போனேன், தலையில் துண்டைக் கட்டி மறைத்துத்தான். டேபிள் இல்லாத யார்டு வேறு யார்டாக இருக்கிறது. கம்பி கட்டும் குறடு டிக் டிக் என்கிறது. ஆட்கள்தான் பழக்கத்தில் இன்னும் கத்திப் பேசுகிறார்கள்.

குனிந்து அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கிரேன் ஹாரன் அடித்தது. அக்கா, கேட்டது. அதோடு எனக்குப் பின்னால் யாரோ ஓடி வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. திரும்பினேன். நெட்டை வெறுங்கையோடு நிற்கிறாள்.

"வேலைய விட்டுட்டு இங்க என்ன நிக்கற?" என்றேன்.

"இன்னிக்கு என் முறை."

"என்ன முறை?"

அவள் சிடுமூஞ்சியைப் பார்த்தாள். அவர் மண்ணைப் பார்த்தார். அப்புறம் அவளே சொன்னாள். சுவர் மணலில் விழுந்து உடைந்த நாளிலிருந்து, கிரேன் நகரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் என் பின்னால் வந்து நிற்கிறார்களாம். தேவைப்பட்டால் பிடித்துத் தள்ளிவிட. முறை போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல். மேலே ஆபீசில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். கயிறு நழுவிய கதையை ஒருத்தரும் நம்பவில்லை.

"எங்களுக்காகத்தான நீங்க மெஷினைக் கேக்கல" என்றாள். "அது எங்களுக்குத் தெரியாதா? நிக்கறதுக்கு என்ன, காசா பணமா."

துண்டை அவிழ்த்துக் காதைக் காட்டினேன். "இப்ப எனக்கு நல்லாக் கேக்குது. இனிமே யாரும் நிக்க வேண்டாம், போய் வேலையப் பாருங்க" என்றேன்.

"கேக்குதுன்னு நீங்க சொல்றீங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு நிறுத்திக்கறோம்" என்றாள்.

அழுதுவிடுவேனோ என்று திரும்ப அச்சுப் பக்கம் குனிந்துகொண்டேன். அவள் கிரேன் எங்களைத் தாண்டிப் போகிறவரை அங்கேயே நின்றாள். பிறகு போனாள். அவள் நடந்து போகிற சத்தம் கடைசி வரைக்கும் எனக்குக் கேட்டது.

உன்
வாலு